பக்கவாதத்துக்குப் பிறகு நடை திரும்ப எந்த ராகம் கேட்க வேண்டும்?

திருமங்கலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "அப்பாவுக்கு 61 வயசு. நாலு மாசத்துக்கு முன்னாடி வலது கை கால் இழுத்துக்கிருச்சு. இப்ப இடது கையில கம்பு ஊன்றி வீட்டுக்குள்ள நடக்கிறார். வலது கையை மேஜை மேல தூக்கி வைக்கிறார், விரல் லேசா அசையுது. பக்கவாதத்துக்கு இன்ன ராகம்னு வாட்ஸப்ல பட்டியல் வருது. எந்த ராகம் போடணும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" ராகம் எது என்று கேட்டிருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, பாட்டைப் போட்டு அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதுமா, அல்லது அந்தப் பாட்டோடு அவர் ஏதாவது செய்தாக வேண்டுமா என்பதுதான். செய்தாக வேண்டும். நடைக்கு உதவுவது தாளம்; அதுவும் அந்தத் தாளத்துக்கு அவர் அடி எடுத்து வைத்தால் மட்டும். ராகம் அவருக்குப் பிடித்த எதுவாகவும் இருக்கட்டும்.

நான் நரம்பியல் பிசியோதெரபி பார்ப்பவன், இசைக் கலைஞன் அல்ல. உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன். அதனால் கீழே சொல்வதை, அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஆள் இல்லையென்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் ஒரு பகுதி. நகரத்துக்கு ஆட்டோ பிடித்து வாரம் மூன்று முறை போய் வருவது முடியாத வீடுகளுக்கு அது பெரிய உதவி.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. சீராக விழும் ஒலிக்கு ஏற்ப நடக்க வைக்கும் பயிற்சியை அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் தாட் என்பவரின் குழு 1990களில் முறைப்படுத்தியது. பக்கவாதம் வந்தவர்களிடம் 1997லும் 2007லும் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளில், தாளத்தோடு பயிற்சி எடுத்தவர்களின் நடை வேகமும் அடியின் நீளமும் மற்றவர்களைவிட நன்றாகக் கூடின. 2017ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு மூளைக் காயத்துக்கான இசைப் பயிற்சி பற்றி வந்த 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. நடைக்குத் தாளம் உதவக்கூடும் என்பதுதான் அதில் ஓரளவு தெளிவாக வந்த முடிவு. "உதவக்கூடும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பல ஆய்வுகள் சிறியவை, தரமும் ஏற்ற இறக்கமானது. வாட்ஸப் பட்டியல்களில் வருவதுபோல் ஒரு ராகம் கையையும் இன்னொரு ராகம் காலையும் சரிசெய்யும் என்று காட்டிய நம்பத்தக்க ஆய்வு கிடையாது. ரத்த அழுத்தத்துக்கு ஆனந்தபைரவி என்று சொல்லி மாத்திரையைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த பக்கவாதத்துக்கு அதுவே வழி திறந்துவிடும்.

தாளம் எப்படி வேலை செய்கிறது என்றால், அடுத்த தட்டு எப்போது விழும் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பாட்டுக்குத் தொடையில் தட்டும் யாரையும் நுட்பமாக அளந்து பார்த்தால், கை பெரும்பாலும் தட்டுக்கு ஒரு நூலிழை முந்தியே விழும். காது கொடுத்த இடைவெளியை வைத்துத் தசைகளை முன்னாலேயே தயார் செய்வதால் வருவது அது. பக்கவாதம் வந்தவரின் நடையில் குலைந்துபோவது பலம் மட்டும் அல்ல, நேரமும்தான். நல்ல கால் அவசரமாக விழும், சீக்குப்பட்ட கால் தாமதமாக வரும். வெளியிலிருந்து வரும் சீரான ஒலி அந்த நேரக் கணக்கைத் தாங்கிப் பிடிக்கிறது. காலே அசையாதவருக்குத் தாளம் காலைத் தூக்கிக் கொடுக்காது. ஏற்கெனவே கொஞ்சம் நடப்பவருக்குத்தான் இது, உங்கள் அப்பா அந்த நிலையில் இருக்கிறார். நாலு மாதம் ஆகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். முன்னேற்றம் வேகமாக வருவது முதல் சில மாதங்களில்தான் என்றாலும் அதோடு நின்றுவிடுவதில்லை.

இனி செய்முறை. பாட்டைத் தேடுவதற்கு முன் அவருடைய நடையை எண்ணுங்கள். வழக்கமான செருப்பு, வழக்கமான கம்பு, அவசரப்படுத்தாமல் 30 விநாடி நடக்கச் சொல்லி, இரண்டு கால்களும் விழுவதை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிஷத்துக்கு 64 அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சொன்ன வேகத்தில் சீராக 'டிக் டிக்' என்று தட்டும் மெட்ரோனோம் செயலி செல்போனில் இலவசமாகக் கிடைக்கும், அதை 64ல் வையுங்கள். தொடக்கத்தில் அவருடைய சொந்த வேகம்தான் வேண்டும். நல்லா நடக்கிறவருக்கு 110 வரும், அதனால் 100ல் வைப்போம் என்று தொடங்கினால் அடி சுருங்கும், கால் பின்னும்.

அடுத்து, அவர் கம்பை எப்படி ஊன்றுகிறார் என்று பாருங்கள். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கம்பு, வலது கால், இடது கால் என்று மூன்று தனித்தனி அசைவாக நடப்பவர்கள் உண்டு. கம்பும் சீக்குப்பட்ட காலும் ஒன்றாக, பிறகு நல்ல கால் என்று இரண்டு அசைவில் நடப்பவர்களும் உண்டு. முதல் வகைக்கு நாலு தட்டுப் பாட்டைப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தமான தட்டு வேறு வேறு இடத்தில் விழுந்து குழப்பும். அவருக்கு 'த-கி-ட' என்று மூன்றாக எண்ணுவதுதான் பொருந்தும்: 'த'வுக்குக் கம்பு, 'கி'க்கு வலது கால், 'ட'வுக்கு இடது கால். இந்த நடையில் கம்பு ஊன்றும் சத்தத்தையும் சேர்த்து எண்ணித்தான் மெட்ரோனோமை வைக்க வேண்டும். இரண்டு அசைவில் நடப்பவருக்கு ஏக தாளம், ஆதி தாளம் போல நாலும் எட்டுமாகப் போகிற எதுவும் சரி. ஐந்தாகவும் ஏழாகவும் போகிற கண்ட சாபு, மிஸ்ர சாபு வேண்டவே வேண்டாம். ஆலாபனை, விருத்தம், பாட்டின் தொடக்கத்தில் வரும் ஹம்மிங் எல்லாம் படுத்துக் கேட்க நன்றாக இருக்கும், நடக்கத் தட்டு கிடைக்காது. கோயில் மேளம் அவருக்கு உயிராக இருக்கலாம். ஆனால் சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரியில் காலப்பிரமாணம், அதாவது வேகம், மாறும், தவிலோ ஒரு தட்டுக்குள் நாலைந்து சொற்களை நிரப்பிவிடும். எது தட்டு என்று தேடுவதிலேயே அவர் கவனம் போய்விடும்.

முதல் வாரம் வெறும் மெட்ரோனோம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்துக்கு ஏற்பக் குதிகாலை மாற்றி மாற்றித் தரையில் தட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷம். பிறகு ஜன்னல் கம்பியை நல்ல கையால் பிடித்து நின்று, அதே வேகத்தில் உடல் எடையை வலது காலுக்கும் இடது காலுக்கும் மாற்றட்டும், இரண்டு நிமிஷம். அதன்பிறகு நடை: இரண்டு மூன்று நிமிஷம், உட்கார்ந்து ஓய்வு, திரும்பவும் நடை. ஓய்வையும் சேர்த்து ஒரு தடவைக்கு 20 நிமிஷம், நாளுக்கு இரண்டு தடவை. 1997 ஆய்வில் அரை மணி நேரமாக நாளுக்கு இரண்டு முறை, ஆறு வாரம் கொடுத்தார்கள். அது மருத்துவமனையில், பயிற்சியாளர் கைப்பிடியில் நடந்தது. வீட்டில் சோர்வு தெரிந்ததும் நிறுத்துவதே நல்லது, ஏனென்றால் சோர்ந்த கால்தான் தரையில் தட்டும்.

64ல் நடை மொத்தம் பத்து நிமிஷம் தடுமாறாமல் வருகிறது என்றால் 5 சதவீதம் கூட்டி 67க்குப் போங்கள். பிறகு 70. ஒவ்வொரு முறை கூட்டும்போதும் அடியின் நீளத்தைப் பாருங்கள். வேகம் கூடி அடி குறுகினால் பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும். வலது முட்டி பின்பக்கமாக விறைத்து வளைகிறதா, காலை வட்டமாக வீசுகிறாரா, பெருவிரல் தரையில் உரசுகிறதா என்றும் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். இதில் எது கூடினாலும் தாளம் அவரைத் துரத்துகிறது என்று அர்த்தம். பாதம் தொங்குபவருக்குக் கணுக்கால் பட்டை போடாமல் வேகம் கூட்டவே கூடாது.

பாட்டு இரண்டாவது வாரம் வரட்டும். அவர் இளவயதில் கேட்ட சினிமாப் பாட்டானாலும் தெம்மாங்கானாலும் சரி, தட்டு தெளிவாகவும் கடைசிவரை ஒரே வேகத்திலும் இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு 128 தட்டு உள்ள பாட்டில் ஒன்றுவிட்டு ஒரு தட்டுக்கு அடி வைத்தால் 64 ஆகிவிடும். 90 உள்ள பாட்டை யூடியூபில் 0.75 வேகத்தில் ஓட்டினால் 67 சொச்சம். குரல் அதனால் கட்டையாகாது. இடையிசையில் தபலா நின்று வயலின் மட்டும் வரும் பாட்டுகள் ஏராளம். அந்த இடத்தில் அவர் நின்றுவிடுவார், சில நேரம் ஒரு காலைத் தூக்கியபடியே. ஒருமுறை முழுதாக நீங்கள் நடந்து பார்த்துவிட்டு அவருக்குப் போடுங்கள். தெருவில் மிருதங்கம் படிக்கும் பையன் யாராவது இருந்தால் வந்து தட்டச் சொல்லலாம், ஒரு நிபந்தனையோடு: அப்பா தாமதித்தாலும் அவன் தாமதிக்கக் கூடாது, நடுவில் தீர்மானம் (முத்தாய்ப்பாக வாசிக்கும் சொற்கட்டு) வைக்கக் கூடாது. இரண்டாவதைக் கேட்கவைப்பதுதான் கஷ்டம்.

கடைசிப் படியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஒரு நிமிஷம் தாளத்தோடு, அடுத்த ஒரு நிமிஷம் ஒலியை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் நடக்க வேண்டும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒலி இல்லாத நேரத்தை நாளாக நாளாகக் கூட்டுங்கள். இல்லையென்றால் செல்போன் ஓடினால் மட்டும் நன்றாக நடக்கும் ஆளாகிவிடுவார். சேர்ந்து பாடுவது இப்போதைக்கு வேண்டாம், வார்த்தையைத் தேடும்போது கால் மறந்துபோகும். வார்த்தை என்றதும் ஒன்று. வலது பக்கம் இழுத்தவர்களுக்குப் பேச்சும் பாதிக்கப்படுவது உண்டு, பேச வராதவர் பாட்டின் வரியைப் பாடிவிடுவதும் உண்டு. அதை வைத்து 1973லேயே பாஸ்டனில் ஒரு பேச்சுப் பயிற்சி உருவானது. அது பேச்சுப் பயிற்சியாளர் செய்ய வேண்டிய தனி வேலை.

கைக்கு வருகிறேன். இங்கே ஆதாரம் நடைக்கு இருப்பதைவிட மெலிந்தது. 2007ல் ஜெர்மனியில் ஒரு குழு, கொஞ்சமாவது கை அசையும் நோயாளிகளுக்கு எலக்ட்ரானிக் கீபோர்டும் தட்டுப் பலகைகளும் கொடுத்து, அரை மணி நேரமாக மூன்று வாரத்தில் 15 முறை பயிற்சி தந்தது. விரலின் வேகமும் துல்லியமும் கூடின. ஆனால் அதே அளவு நேரம் வேறு பயிற்சி கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. என் கணிப்பில் இசையின் பெரிய லாபம், ஒரே அசைவை 300 தடவை அலுக்காமல் செய்யவைப்பது. குப்பியை எடுத்து வை, எடுத்து வை என்றால் இருபதாவது தடவையில் அப்பாக்கள் எரிந்து விழுவார்கள்.

அவருக்கு விரல் லேசாக அசைவதால் இரண்டு கட்டமாகப் போகலாம். முதலில் முழங்கை மேஜையில் தாங்கியிருக்க, பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து வைத்து உள்ளங்கையின் ஓரத்தால் மெட்ரோனோமின் 40, 50 வேகத்தில் தட்டட்டும். அது வந்ததும் டின்னை நாலு விரல்கடை தள்ளி வையுங்கள், பிறகு ஒரு புத்தகத்தின் மேல் உயர்த்தி வையுங்கள். கை போகும் தூரத்தையும் உயரத்தையும் டின் தீர்மானிக்கும். விரல்கள் தனித்தனியாக அசையத் தொடங்கினால் சின்ன கீபோர்டு ஒன்று. வெள்ளைக் கட்டைகள் மட்டும் போதும். C கட்டையிலிருந்து வரிசையாக அழுத்தினால் சங்கராபரணம் வந்துவிடும், கறுப்புக் கட்டைக்கு விரலை நீட்ட வேண்டியதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முதலில், சுண்டுவிரலும் மோதிரவிரலும் கடைசியில். கீபோர்டின் சொந்த ஸ்பீக்கரையே பயன்படுத்துங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி சற்றுத் தாமதமாக வரும், அழுத்திய விரலுக்கும் கேட்ட ஒலிக்கும் உறவு அறுந்தால் பயிற்சியின் சாரமே போய்விடும். தட்டும்போது தோள் காதுவரை ஏறினாலோ, உடம்பு சாய்ந்து கையை எறிந்தாலோ டின்னைப் பக்கத்தில் இழுங்கள். முழங்கை மடங்கி விரல்கள் முஷ்டியாக இறுகினால் வேகமும் சத்தமும் அதிகம். ஐந்து நிமிஷம் நிறுத்தி, விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டு, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள்.

வெறுமனே கேட்பதால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது, கை காலுக்கு அல்ல. ஹெல்சின்கியில் 60 நோயாளிகளை வைத்து நடத்தி 2008ல் வெளிவந்த ஆய்வில், இரண்டு மாதம் தினமும் ஒரு மணி நேரமாவது தங்களுக்குப் பிடித்த இசையைக் கேட்டவர்களுக்கு, கேட்ட சொற்களை நினைவில் வைப்பதும் கவனமும் மற்றவர்களைவிட மேம்பட்டன. மனச்சோர்வும் குறைவாக இருந்தது. பிடித்த இசை என்பதுதான் அங்கே விதி. எத்தனை மணி நேரம் என்று கேட்டதற்கு இந்த ஒரு மணி நேரத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம், பயிற்சி நேரம் போக. சாப்பிடும்போது மட்டும் பாட்டையும் டிவியையும் நிறுத்துங்கள். விழுங்குவதில் கொஞ்சம் குறை இருந்தாலும் கவனம் சிதறினால் புரையேறும்.

பாதுகாப்பில் நம் வீடுகளுக்கே உரிய சில சங்கதிகள். கைலி கட்டிக்கொண்டு இந்தப் பயிற்சி வேண்டாம், தளர்ந்த கால் அதில்தான் சிக்கும். கணுக்கால்வரை வராத பேன்ட் நல்லது. ஹவாய் செருப்பு கூடாது, பின்பக்கம் வார் உள்ள செருப்பு வாங்குங்கள். துடைத்த மொசைக் தரை காய்ந்தபின் நடங்கள். நீங்கள் அவருடைய வலப் பக்கம் சற்றுப் பின்னால் நின்று, இடுப்பில் கட்டிய அகலமான துணிப் பெல்ட்டைப் பிடிக்க வேண்டும், கையை அல்ல. தளர்ந்த தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். எண்ணெய் தேய்த்துக் கையை இழுத்துவிடுகிறேன் என்று வருபவர்களாலும் இதுதான் நடக்கிறது. இதமாகத் தேய்ப்பதில் தவறில்லை, இழுப்பதுதான் கூடாது. புறா ரத்தம் தடவச் சொல்பவர்களை வாசலோடு அனுப்பிவிடலாம். மதுரை வெயிலுக்குக் காலை எட்டுக்குள், மாலை ஐந்துக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு முனையில் கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டியிருந்தால் அன்று தாளப் பயிற்சி வேண்டாம், இரண்டு தாளம் ஒரே காதில் விழுந்தால் நடை கெடும். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும் அளவுக்கு வந்தபிறகும் வெளியில் காதில் ஹெட்போன் மாட்டாதீர்கள், பின்னால் வரும் பைக் கேட்காது.

பயிற்சிக்கு முன் ரத்த அழுத்தம் பாருங்கள். மேலே 180 அல்லது கீழே 110 என்ற அளவைத் தாண்டியிருந்தால் அன்று நடக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவரானால் வெறும் வயிற்றில் தொடங்கக் கூடாது. நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். அதுவே போதுமான அளவுகோல். நாடித்துடிப்பைக் குறைக்கும் சில இதய மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு நாடியை எண்ணுவது ஏமாற்றும். திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, இன்னொரு கை தளர்ந்தாலோ உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

பலன் இருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் நம்பாதீர்கள். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ 10 மீட்டரைச் சாக்பீஸால் குறித்து, இரண்டு முனையிலும் இரண்டு மீட்டர் கூடுதல் இடம் விட்டு, தாளம் இல்லாமல் அவர் நடக்கும் நேரத்தையும் அடிகளின் எண்ணிக்கையையும் வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். 25 விநாடி எடுத்தவர் 20க்கு வந்தால் விநாடிக்கு 0.4 மீட்டரிலிருந்து 0.5 ஆகியிருக்கிறார். வீட்டுக்குள் மட்டும் நடப்பவர் தெருமுனைக் கடைவரை போகத் தொடங்குவது ஏறக்குறைய இந்த எல்லையில்தான். அதே தூரத்தை முன்பைவிடக் குறைவான அடிகளில் கடந்தால் அடி நீண்டிருக்கிறது, அது இன்னும் நல்லது. நாலு வாரம் ஒழுங்காகச் செய்தும் இரண்டு எண்ணும் அசையவில்லையென்றால் மெட்ரோனோமை ஓரமாக வைத்துவிட்டு, அந்த 20 நிமிஷத்தை நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சிக்குக் கொடுங்கள். தொடைக்குப் பலம் இல்லாததுதான் தடையாக இருந்தால் அதைத் தாளம் தீர்க்காது.